வருஷம் திரும்பட்டும்

காவேரிக்கு முதலில் விஷயத்தைச் சொன்னது புருஷனின் கால் இல்லை. தறியில் இருந்த துணிதான் சொன்னது.

ஆவணி பிறந்து ஒரு வாரம் ஆகியிருக்கும். காலை எட்டு மணி. பிள்ளையார்பாளையத்துச் சந்தில் அந்நேரத்துக்கு ஒரு வீடு பாக்கியில்லாமல் தறி ஓடும். புதிதாக வருகிறவன் காதைப் பொத்திக்கொள்வான்; அங்கேயே பிறந்தவனுக்குச் சத்தம் நின்றால்தான் திக்கென்று இருக்கும். புருஷன் தேவேந்திரன் தறிக்குழிக்குள் காலைத் தொங்கவிட்டு, தரையோடு தரையாக உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தார். குழிக்குள்ளே இரண்டு மிதிகட்டைகள். வலது கால் ஒன்றை மிதிக்கும், இடது கால் மற்றதை மிதிக்கும், பாவு நூல் இரண்டாகப் பிரிந்து வழிவிடும், குறுக்கு நூலை இழுத்துக்கொண்டு நாடா ஓடும். அவருக்கு இடது பக்கம், தோளோடு தோள் இடிக்கிற தூரத்தில் ஒரு பலகை. அதில் காவேரி. புடவை உடலின் நிறத்துக்கு அவர் நாடா எறிவார், கரையின் நிறத்துக்கு இவள் எறிவாள். இரண்டு நிறமும் ஒரே கோட்டில் கைகோத்து நிற்க வேண்டும், அதற்குப் பேர் கோர்வை. ஒற்றை ஆளால் ஆகிற வேலையில்லை. கல்யாணமான மூன்றாம் மாசம் அந்தப் பலகையில் வந்து உட்கார்ந்தவள், இருபத்தொன்பது வருஷமாக அங்கேயேதான் இருக்கிறாள்.

அன்றைக்குக் கோர்வையில் ஒரு இழை மிதந்தது.

"இன்னாங்க, இங்க இழை மிதக்குது பாருங்க."

"எங்க? உன் கண்ணுதான் மிதக்குது."

"கண்ணு நல்லாத்தான் இருக்குது. நீங்க பாருங்க."

பார்த்தார். பிரித்து எடுத்து மறுபடி போட்டார்கள். நாலு விரற்கடை போவதற்குள் அடுத்தது. தேவேந்திரன் கைத்துணியில் இழை மிதப்பதாவது! சந்தில் யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். காவேரி நாடாவைக் கீழே வைத்துவிட்டுக் குழிக்குள் எட்டிப் பார்த்தாள். வலது கால் கட்டை மேல் இருந்தது. இடது கால் கட்டைக்குப் பக்கத்தில் வெறும் மண்ணை மிதித்துக்கொண்டிருந்தது. மிதித்து, விட்டு, மறுபடியும் மிதித்து, ரொம்ப மும்முரமாக.

"ஏங்க, இடது கால் எங்க வச்சிருக்கீங்க?"

"கட்டை மேலதான். வேற எங்க வைப்பாங்க?"

அவள் குனிந்து, அந்தக் காலைக் கையால் பிடித்து மேலே தூக்கிப் பார்த்தாள். கட்டைவிரலுக்கு அடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குப் புண். ஓரமெல்லாம் கறுத்திருந்தது. மிதிகட்டையில் ஓர் ஆணி தலைதூக்கியிருந்தது. எத்தனை நாளாகக் குத்திக்கொண்டிருந்ததோ. தேவேந்திரன் அதை வேறு யாருடைய காலையோ பார்க்கிற மாதிரி பார்த்தார். சர்க்கரை வந்து பதினோரு வருஷம். மாத்திரை ஞாபகம் வந்தால் போடுவார். தெருமுனைக் கடையில் டீக்குச் சர்க்கரை வேண்டாம் என்று மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை.

"வலிக்கலையா?"

"வலிச்சா சொல்லமாட்டனா? ஒண்ணுமே தெரியலியே."

நெசவுக்காரர் வீட்டில் கை கிழிந்தால் ஒரு வைத்தியம் உண்டு. அசல் பட்டுநூலைச் சுட்டு, அந்தச் சாம்பலை வெட்டின இடத்தில் வைத்து அழுத்தினால் ரத்தம் நிற்கும், மூன்றாம் நாள் தோல் மூடும். காவேரியின் விரல்களில் அப்படி மூடின தழும்பு ஏழெட்டு இருக்கும். அவள் கழிவு நூலை ஒரு பிடி எடுத்துக் கொளுத்தினாள். முடி பொசுங்குகிற நாற்றம் வீடு முழுக்க அடித்தது. ஆறின சாம்பலைப் புண்ணில் வைத்துக் கட்டினாள். கட்டி முடிக்கும்போது தேவேந்திரன் அவள் கையைப் பிடித்தார்.

"காவேரி, லோகுகிட்ட சொல்லாத."

அவளுக்கு ஏனென்று தெரியும்.

லோகு என்கிற லோகேஸ்வரன் அவர்களுடைய ஒரே பிள்ளை. ஒரகடத்தில் கம்பெனி வேலை, கம்பெனி பஸ், ஒரு வாரம் பகல் என்றால் ஒரு வாரம் ராத்திரி. பள்ளிக்கூட லீவு நாட்களில் அம்மாவுக்குப் பதிலாக அந்தப் பலகையில் உட்கார்ந்து கரை போட்டவன்தான். போன ஞாயிற்றுக்கிழமைதான் தறி பொருத்துகிற மாணிக்கவேலைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தான். மாணிக்கவேல் டேப்பை இழுத்துத் தரையை அளந்தான்.

"குழியை மூடி மேல சிமெண்ட்டு போட்டுடலாம்ணா. மேல நிக்கிற தறி, நாற்காலி மாதிரி உக்காந்து நெய்யலாம். பாவைத் தூக்கறதுக்கு மோட்டார். கையாண்ட சுவிச்சு. காலுக்கு வேலையே இல்ல. நாடா ஓடற பலகையும் புதுசு, எல்லா நாடாவையும் ஒரே ஆளு ஓட்டலாம்."

"நெசவு சொசைட்டில பணம் பாதிக்கு மேல தராங்க, நைனா. மிச்சம் நான் பார்த்துக்கறேன்," என்றான் லோகு. "அம்மாவுக்கும் ரெஸ்ட்டு. இன்னும் எத்தினி வருஷம் முதுகு ஒடிய உக்காந்துக்கினே இருக்கும்?"

தேவேந்திரன் குழியைப் பார்த்தார். மோட்டாரைக் கண்டு அவருக்குப் பயம் என்று சொல்ல முடியாது; அவர் பயந்தது வேறு. இருபது வயசுப் பையன்கள் எல்லாம் சுவிச்சைத் தட்டி நெய்கிறபோது, தேவேந்திரன் நெய்தான் என்பதற்கு என்ன அர்த்தம்? அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. சொல்ல வேறொன்று கைவசம் இருந்தது.

"வருஷம் திரும்பட்டும்," என்றார்.

அவருடைய அப்பா போன கார்த்திகையில் செத்துப்போயிருந்தார். வருஷம் திரும்பித் தலைத்திவசம் ஆகிற வரைக்கும் அந்த வீட்டில் மண்ணைத் தோண்டக்கூடாது, மூடக்கூடாது, புதுசாக எதையும் தொடங்கக்கூடாது.

"பைக் வாங்கனனே, அப்ப வருஷம் எங்க போயிருந்துச்சு?" என்றான் லோகு.

"பைக் வண்டி. இது மண்ணு," என்றாள் காவேரி. புருஷன் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டாள். "உங்க தாத்தா சாங்கியம் முடியட்டும். அதுவரைக்கும் குழியாண்ட யாரும் கை வைக்கக்கூடாது, ஆமா."

லோகு ஆச்சரியமாக அம்மாவைப் பார்த்தான். சாங்கியத்தில் அம்மாவுக்கு இத்தனை பிடிப்பு எப்போது வந்தது? மாணிக்கவேல் டேப்பைச் சுருட்டிக்கொண்டு, "கார்த்திகைக்கு அப்பால வரேன் அண்ணி," என்று போய்விட்டான்.

இப்போது காலில் புண் என்று தெரிந்தால் லோகு சும்மா இருப்பானா? அன்றைக்கே டாக்டர், அன்றைக்கே மிஷின். டாக்டர் என்றால் தேவேந்திரனுக்குப் பின்தெருச் சபாபதி ஞாபகம். விரலில் புண் என்று போனார், விரலை எடுத்தார்கள். பிறகு குழியில் இறங்கவேயில்லை. இப்போது கோயில் வாசலில் செருப்புக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

"விரலு பூட்டா எதை வச்சு மிதிக்கிறது? டோக்கன் குடுக்கச் சொல்றியா என்னை?"

"நான் எதுவும் சொல்லல. ஆறிடும். பட்டுச் சாம்பலுக்கு ஆறாத புண்ணு இருக்குதா?"

மறுநாளிலிருந்து ஒரு புது ஏற்பாடு வந்தது. அவர் கண் துணியில் இருக்கும், அவள் கண் குழியில் இருக்கும். கால் கட்டையில் பட்டால் "ம்" என்பாள். தவறினால், "இந்தாண்ட… இன்னும் கொஞ்சம்… ம்," என்பாள். தேவேந்திரன் அவள் சொல்கிற வரைக்கும் காத்திருந்து மிதித்தார். இரண்டு நாளில் அந்த "ம்" தறிச் சத்தத்தோடு கலந்து ஒரே சீராக வந்துவிட்டது. இழை மிதப்பது நின்றது. துணி முன்னைவிட ஒழுங்காக வந்தது என்றுகூடச் சொல்லலாம்.

இங்கே ஒன்றைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காவேரிக்கு அது பிடித்திருந்தது. இருபத்தொன்பது வருஷத்தில் கரைக்கு என்ன நிறம் என்று அவளை ஒருநாள் கேட்டிராத மனுஷன், இப்போது அவள் வாயிலிருந்து ஒரு "ம்" வருவதற்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாயங்காலம் தறியைவிட்டு எழும்போது, "நீ இல்லன்னா இன்னிக்கு நாலு விரற்கடை கூட வந்திருக்காது," என்று சொன்னார் ஒருநாள். அன்றைக்கு அவள் அடை சுட்டு, அவருக்கு ஆகாது என்று தெரிந்தும் தொட்டுக்கொள்ள வெல்லம் வைத்தாள்.

புரட்டாசியில் புண் மேலே காய்ந்தது. சாம்பல் பக்குக் கட்டி, பார்வைக்கு ஆறின மாதிரியே இருந்தது. "பார்த்தியா?" என்றார் அவர். "நான்தான் சொன்னனே," என்றாள் அவள். உள்ளே அது தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. விட்டேனா பார் என்று பெய்தது. பட்டுக்கு ஈரம் ஆகாது. பாவு நமத்துப்போய் நூலும் நூலும் ஒட்டும். தறிக்குக் கீழே கரியடுப்பு வைத்துக் காயவைத்துக்கொண்டு நெய்தார்கள். குழியின் அடியில் தண்ணீர் ஊறியது. காவேரி காலையில் சொம்பால் மொண்டு ஊற்றிவிட்டு, கோணிச் சாக்கைப் போட்டு, புருஷன் காலுக்குப் பால் பாக்கெட் உறையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிடுவாள். பக்கு பெயர்ந்து ஒரு வாடை வர ஆரம்பித்திருந்தது. குழியில் சாம்பிராணி போட்டாள்.

"இன்னாமா, வீட்ல ஒரே பொகை?" என்றான் லோகு.

"கொசுடா. மழைக்குக் கொசு பிச்சுக்கினு போவுது."

அவன் நம்பினான். ராத்திரி ஷிப்டு முடித்து வந்து பகலெல்லாம் மாடியில் தூங்குகிறவனுக்கு எது தெரியும்? தீபாவளியும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. சாவு விழுந்த வீட்டில் எண்ணெய்க் குளியல் கிடையாது, யாரும் காலைப் பிடித்துத் தேய்க்கப்போவதில்லை. ஒரே பாவில் வருகிற மூன்று புடவைகளில் கடைசிப் புடவை முந்தி வரைக்கும் வந்திருந்தது.

"இத்த முடிச்சுட்டு டாக்டராண்ட போலாம்," என்றார் தேவேந்திரன். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை. காவேரி நிமிர்ந்து பார்த்தாள். முகம் வெளுத்து, உதடு காய்ந்து கிடந்தது.

"இன்னிக்கே போலாங்க."

"முந்தி மட்டுந்தான் பாக்கி. சொல்லு, மிதிக்கலாமா?"

"…ம்."

அந்த "ம்" சொன்னதற்காக அவள் பிற்பாடு தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அந்த நிமிஷத்தில் சொல்லத்தான் செய்தாள்.

தீபாவளி கழிந்து இரண்டாம் நாள் காலையில் லோகு பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்தபோது தறிச் சத்தம் இல்லை. நைனா தறிப்பலகை மேல் கவிழ்ந்துகிடந்து நடுங்கிக்கொண்டிருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. அம்மா அவர் முதுகைத் தடவிக்கொண்டு, "காய்ச்சல்தான், காய்ச்சல்தான்," என்று சொன்னதையே சொன்னாள். தூக்குவதற்காகக் குழிக்குள் குனிந்தவன், பால் பாக்கெட் உறை சுற்றின காலைப் பார்த்தான். உறையைக் கழற்றினான். கணுக்கால் வரைக்கும் கறுப்பு ஏறியிருந்தது.

"அம்மா… இது இன்னாமா?"

அவள் அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டர் ஒருத்தி பார்த்தாள். பார்த்துக்கொண்டே கேட்டாள், "எத்தனை நாளா இருக்கும்மா?"

"ஒரு வாரம்," என்றாள் காவேரி. "ஒரு வாரமாத்தான் டாக்டர்."

டாக்டர் அவளை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு லோகுவிடம் திரும்பினாள். "முட்டிக்குக் கீழ எடுக்கணும். லேட் பண்ணா முட்டியும் போகும், உயிருக்கே ஆபத்து. ரெண்டு மாசம் முன்னாடி வந்திருந்தா விரலோட முடிஞ்சிருக்கும். விரல்கூட போயிருக்காதோ என்னவோ."

அன்று சாயங்காலமே எடுத்தார்கள். வலது கைக் கட்டைவிரலை மையில் அழுத்தி ஒப்புதல் வைத்தது காவேரிதான்.

ஐந்தாம் நாள் லோகு மாணிக்கவேலை வரச்சொன்னான். யாரையும் கேட்கவில்லை. காவேரி வார்டிலிருந்து குளித்து மாற்றுத்துணி எடுத்துப்போக வந்திருந்தாள். தறியைப் பிரிப்பதற்கு முன்னால் துணியை அறுத்து எடுக்க வேண்டும். லோகு பாவை அறுத்து, சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, மழை விட்டிருந்த வெளிச்சத்தில் வாசலில் நின்று கையால் தடவிக்கொண்டே வந்தான். முதல் புடவையின் நடுவில் அவன் விரல் நின்றது. கோர்வையில் மிதந்த இழை ஒன்று. தள்ளி ஒன்று. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று, பிரித்து மறுபடி போட்ட தழும்பு. கோர்வை போட்டு வளர்ந்த கை, அதற்குக் கண்கூட வேண்டாம். அப்புறம் முழம் முழமாகத் தள்ளிக்கொண்டே போனான். இரண்டாவது புடவை. மூன்றாவது. ஒரு குற்றமும் இல்லை.

"மா, இங்க வா."

வந்தாள்.

"இங்க நைனா கால் தடுமாறியிருக்குது. இது ஆவணி. இதுக்கப்பறம் தடுமாறவேயில்ல. கால் செத்துப்போன மனுஷன் எப்டிமா இம்மாம் சுத்தமா மிதிச்சாரு?"

காவேரி துணியைப் பார்த்தாள்.

"நீ பார்த்துச் சொல்லிக்கினு இருந்திருக்க."

"ஆமாடா."

"மூணு மாசமா!" அவன் கத்தினதில் சந்தில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "ஒரு வாரம்னு சொன்னியேமா டாக்டராண்ட! தாத்தா சாங்கியம், வருஷம் திரும்பணும்னு சொன்னியே! கால் பூடுச்சேமா! எதுக்கு? இந்தக் குழிக்கா?"

"அவருக்குப் பயம்டா. விரலை எடுத்துடுவாங்கன்னு."

"அவருக்கு பயம். சரி. உனக்கு இன்னா?"

காவேரி உள்ளே பார்த்தாள். தறிக்கு இடது பக்கம் அந்தப் பலகை கிடந்தது. நடுவில் வழவழவென்று குழிந்திருந்தது.

"ஒத்த ஆளே ஓட்டலாம்னு அந்தாளு சொன்னான். நீ ரெஸ்ட்டுன்ன." அவள் மெதுவாகத்தான் சொன்னாள். "புது மிஷின் வந்தா நான் எங்கடா உக்காருவேன்?"

லோகு திட்டுவான் என்று நினைத்தாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள்.

"பக்கத்துல ஒரு ஸ்டூல் போட்டிருப்பேனேமா," என்றான். "ஒரு ஸ்டூலு. அம்மாந்தானே." சொல்லிவிட்டுத் துணியில் முகத்தை மறைத்துக்கொண்டு அழுதான்.

உள்ளேயிருந்து மாணிக்கவேல் தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்தான். "அண்ணி… குழியை மூடட்டுமா? வருஷம் திரும்பணும்னு சொன்னீங்களே. வேணும்னா நிறுத்தி வைக்கிறேன்."

காவேரி முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். இத்தனை வருஷத்தில் அவள் அதற்குள் நின்றதில்லை. குனிந்து பெருக்கியதும் தண்ணீர் மொண்டதும்தான். ஈரச் சாக்கை எடுத்து மேலே போட்டாள். ரப்பர் பேண்டுகள் கிடந்தன, பொறுக்கினாள். இடது மிதிகட்டையில் அந்த ஆணி இன்னும் தலைதூக்கி நின்றது. ஆவணியில் பார்த்தது. ஒரு சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்ட இருவருக்கும் தோன்றவில்லை பாருங்கள். அதைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். அவளுக்கு வலித்தது.

மேலே ஏறி வந்து, "மூடுங்க," என்றாள்.

தேவேந்திரனை வீட்டுக்கு அழைத்துவந்தது அதற்கு ஏழாம் நாள். ஆட்டோ சந்துக்குள் வராது. லோகு அவரைக் குழந்தையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு நடந்தான். பக்கத்து வீடுகளில் தறி நின்றது. எல்லாரும் வாசலுக்கு வந்து நின்றார்கள்.

கூடத்தில் குழி இருந்த இடம் தெரியாமல் சிமெண்டுத் தரை, இன்னும் ஈரம் காயாத சாம்பல் நிறத்தில். அதன்மேல் புதுத் தறி நாலு காலில் நின்றது. உட்காருகிற பலகைக்கு இடது பக்கம் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் ஸ்டூல். கடை ஸ்டிக்கரைக்கூட யாரும் கிழிக்கவில்லை. காவேரி அதில் இன்னும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

லோகு நைனாவைச் சுவரோரம் பாயில் சாய்த்து, முதுகுக்குத் தலையணை வைத்துவிட்டு வெளியே போனான். தேவேந்திரன் தரையையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டுப்போட்ட முட்டியைக் கை தானாகத் தடவிக்கொண்டிருந்தது. காவேரி பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சியை ஆற்றினாள்.

"ஏ காவேரி."

"இன்னாங்க."

"குழியை மூடிட்டாங்களே. அதுக்குள்ள வருஷம் திரும்பிடுச்சா?"

அவள் ஆற்றுவதை நிறுத்தவில்லை.

"இல்லிங்க. இன்னும் பத்தொம்போது நாள் இருக்குது."